நெஞ்சில் ஒரு தோல்வார்

இரவுப் பணி முடித்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரே ஓர் ஓவியம். இலியா ரெப்பின் வரைந்து 1873இல் முடித்த 'வோல்கா படகு இழுப்பவர்கள்'. பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் நேரில் பார்த்ததில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

11 பேர். பின்னால் ஒரு சரக்குப் படகு. அதைக் கரையிலிருந்து இழுக்கிறார்கள். தூரத்தில் ஒரு நீராவிக் கப்பல் புகைவிடுகிறது. அப்படியென்றால் இயந்திரம் வந்துவிட்ட காலம். ஆனாலும் மனிதர்கள் இழுக்கிறார்கள்.

வார் நெஞ்சுக்குக் குறுக்கே கிடக்கிறது. செவிலி என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகும். நெஞ்சை இப்படி அழுத்திக்கொண்டு எப்படி மூச்சு எடுப்பார்கள்? பின்னால் வருகிற ஒருவர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைக்கிறார். வார்டில் இவரைக் கண்டால் நடப்பதை நிறுத்திப் படுக்க வைத்திருப்பேன்.

முன்னால் தலையில் துணி கட்டியவர் கானின். ஒருகாலத்தில் பாதிரியாராக இருந்தவர். கோயிலில் வளர்ந்த எனக்கு இந்த விவரத்தைத் தாண்டிப் போக நெடுநேரம் பிடித்தது. நடுவில் ஒரு பையன், லார்கா. அவன் மட்டும்தான் வாரைக் கையால் பிடித்துத் தளர்த்தப் பார்க்கிறான். மற்றவர்களுக்கு அது பழகிவிட்டது.

ரெப்பின் இவர்களை முதலில் கண்டது நேவா நதிக்கரையில். பக்கத்திலேயே நல்ல உடையணிந்த சீமாட்டிகள் உல்லாசமாக இருந்தார்கள். இருவரையும் ஒரே படத்தில் வைக்க நினைத்தார். அது செயற்கையாக இருக்கிறது என்றார் நண்பர் வசிலியேவ். சீமாட்டிகளை விட்டுவிட்டார். சரியான முடிவு என்பேன். நானும் என் ஆஸ்பத்திரிக் கதைகளில் ஏழை நோயாளிக்கு எதிராக ஒரு பணக்கார உறவினரைக் கொண்டுவந்து நிறுத்தியவள்தான்.

ஆனால் ஓவியம் முடிந்ததும் அதை வாங்கியவர் ஜாரின் மகன் விளாதிமிர். பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார். படத்திலிருந்து விலக்கப்பட்ட சீமான்கள் படத்துக்கு எதிரே வந்து நின்றுகொண்டார்கள்.

படுக்கைப்புண்ணோடு வந்த ஒரு பெரியவரைப் பற்றி நான் எழுதிய கதையை உங்களில் சிலர் பாராட்டினீர்கள். அவர் அதை வாசிக்கவில்லை. அவரிடம் நான் கேட்கவும் இல்லை. இந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.