அசையாத மாதிரியும் அசையும் ஆறும்

காசியிலுள்ள பாரத மாதா கோயிலில் தெய்வத் திருவுருவம் இல்லை. பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் மலைகளையும் சமவெளிகளையும் காட்டும் சலவைக்கல் புடைப்பு வரைபடமே அங்கு மூலவர். 1936ஆம் ஆண்டில் காந்தியடிகள் அக்கோயிலைத் திறந்து வைத்தார். சம உயரக் கோடுகளைப் படித்தறியாதவரும் அதன்முன் நின்றால் நாட்டின் நில அமைப்பை உணர்வர். புடைப்பு மாதிரியின் பயன் இதுவே. ஆயினும் கல்லில் செதுக்கிய ஆறு இடம் பெயர்வதில்லை. மண்ணில் ஓடும் ஆறோ பெயர்கிறது.

இக்குறையைக் கணினி வரைபடம் நீக்க வல்லது. செயற்கைக்கோள் தரும் உயர விவரங்களைக் கொண்டு, அட்டைகளை வெட்டி அடுக்கி வெண்ணிற மாதிரி ஒன்று செய்யலாம். மேலே பொருத்திய புரொஜெக்டர் அதன்மீது வரைபடத்தை ஒளியாக வீழ்த்தும். மூலைக் குறிகளோடு படம் பிசகாது பொருந்திவிட்டால், ஒரே மாதிரியில் ஆற்றின் பழைய தடம், இன்றைய தடம், சாலை, வெள்ள எல்லை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட இயலும்.

இதன் தேவையைப் பீகாரின் கோசி ஆறு உணர்த்துகிறது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் அது நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது. 1950களில் தொடங்கி இருபுறமும் கரைகள் எழுப்பப்பட்டன. அவற்றிடையே வண்டல் படிந்து, ஆற்றுப்படுகை வெளிநிலத்தைவிட உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. ஆறு முன்னர்க் கைவிட்ட தடங்களின் வழியே வெள்ளம் பாய்ந்தது. பீகாரில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்லலுற்றனர். பழைய தடங்களை வல்லுநர் தாளில் காண்பர். ஊராருக்கு அவை வெறும் கோடுகளே. ஆறு தம் வயலைவிட உயரத்தில் ஓடுவதை மாதிரியில் எவரும் காணலாம்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். தட்டையான சமவெளியில், உயர அளவைப் பன்மடங்கு பெருக்கினாலன்றி மேடுபள்ளம் புலப்படாது. எத்தனை மடங்கு என்பதைப் பலகையில் எழுதாவிடில் மாதிரி பொய்யுரைக்கும். ஒளிரும் வெள்ள எல்லையும் ஒரு கணிப்பே. அதற்கு வெளியேயுள்ள ஊருக்கு அது காப்புறுதி ஆகாது.

இத்தகைய மாதிரி தலைநகரக் காட்சிக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. வட்டார அலுவலகத்திற்கும் ஊராட்சிக்கும் வரவேண்டும். முதிய உழவர் ஒருவர் அதன்முன் குனிந்து, இந்த ஓடை அந்தத் தோப்புக்கு அப்பால் அல்லவா ஓடியது என்று கேட்கக்கூடும். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டு, நேரில் ஆராய்ந்து, படத்தைத் திருத்துவாராயின், காட்சிப் பொருள் அன்றே திட்டக் கருவியாகிவிடும்.