வைட்டமினுக்கு இல்லாத வெட்கம் இன்சுலினுக்கு ஏன்?



செலாயாங், பத்துமலை வட்டாரத்து வீடுகளுக்கு இனிப்பு நீர் புதிய செய்தி அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஆனாலும் "இனிமேல் ஊசி போட வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் பலருக்கு முகம் இருண்டுவிடுகிறது. ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயம், யாரோ கொடுத்த பொடி என்று ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குள் சிறுநீரகமும் கண்ணும் படுகிற பாடு வெளியே தெரிவதில்லை.

இந்தப் பயம் எவ்வளவு வீண் என்பது தெரிய வேண்டுமானால், நூறாண்டுக்கு முன் இதே கோலாலம்பூரில் நடந்த ஓர் அரிசிக் கதையைக் கேட்க வேண்டும்.

அன்றைய மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் பழுதாகி மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், காரணம் சோற்றுப் பானையில் இருக்கிறது என்றார். சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

1905ஆம் ஆண்டில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் இதைக் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இருவர்தான். அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள், இருவரும் பிழைத்தார்கள். சம்மதம் கேட்காமல் நடத்திய இப்படி ஒரு சோதனைக்கு இன்று எங்கும் அனுமதி கிடைக்காது. ஆனால் நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துகிற தமிழர் பழக்கம் உயிர் காத்தது என்பதற்குக் கணக்கே சாட்சியாகிவிட்டது.

அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. தயமின் என்ற அந்த வைட்டமினை 1926ஆம் ஆண்டு ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள்.

சரி, இதற்கும் இனிப்பு நீருக்கும் என்ன சம்பந்தம்? சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து தசையின் உயிரணுக்களுக்குள் போய் எரிந்து சக்தியாகிறது. எரிக்கும் வேலையைப் பார்ப்பவை நொதிகள் என்னும் புரதங்கள். தயமின் இல்லாவிட்டால் அவற்றில் முக்கியமான ஒன்று வேலை செய்யாது. அதுதான் பெரிபெரி. ரத்தத்திலுள்ள குளுக்கோஸுக்குத் தசையின் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். அது போதிய அளவு சுரக்காவிட்டாலும், சுரந்தும் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்காவிட்டாலும் நீரிழிவு. பாதை ஒன்றுதான், அடைப்பு ஏற்பட்ட இடம்தான் வேறு.

அப்படியானால் மறுபடியும் புழுங்கலுக்கு மாறினால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. புழுங்கல் சற்று மெதுவாகச் செரிக்கும், உண்மைதான். ஆனால் பொழுது விடியுமுன் பால் வெட்டப் போன தாத்தாவின் உடம்பு, தின்ற சோற்றை மாலைக்குள் எரித்துவிட்டது. இன்று அடுக்குமாடி வீடு, கார், நாற்காலி வேலை. காலையில் நாசி லெமாக்கும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும். தட்டில் மலையாகக் குவித்தால் எந்த அரிசியும் சர்க்கரைதான்.

பெரிபெரிக்காரருக்குத் தயமின் கொடுத்தபோது அதை யாரும் கடைசிக் கட்டம் என்று சொல்லவில்லை. உடம்பில் குறைந்ததைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்சுலினும் அப்படித்தான். ஆண்டுகள் போகப்போகக் கணையம் களைத்துவிடுகிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் ஓரளவு தாங்கும். அதற்கு மேல் தாங்காதபோது ஊசி. நோயாளி செய்த குற்றத்துக்குத் தண்டனை அல்ல அது.

மாத்திரையாகத் தந்தால் என்ன? இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். விழுங்கினால் பருப்பையும் கோழியையும் செரிக்கிற வயிறு அதையும் செரித்துவிடும். 1922ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் ஊசியாகப் போட்ட காலம் முதல் இதுவே நிலை. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கிறார்களே என்று தயங்குகிற குடும்பங்களும் உண்டு. அது பழைய கதை. மனித இன்சுலினை பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் முறை 1982ஆம் ஆண்டே விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று கிளினிக்கில் வழக்கமாகத் தருவது பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ கொண்டு செய்ததுதான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுவது எச்பிஏ1சி பரிசோதனை. ரத்தத்தில் மிதமிஞ்சிய குளுக்கோஸ் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், முந்திய இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிந்துவிடும். கிளினிக்குக்குப் போவதற்கு முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்ற முடியாது! இதே போலத்தான் சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் உள்ள புரதங்களில் சர்க்கரை ஒட்டிக் கெடுக்கிறது. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது நீரிழிவுதான்.

அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாருங்கள். பலருக்கு 7 விழுக்காட்டுக்குள் இலக்கு வைப்பார்கள். வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள். ஊசி தொடங்கியவர்கள் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். அளவைத் தாங்களாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது. திறக்காத இன்சுலினை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. உறைந்த மருந்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது.