எத்தனை சரி என்று கேட்பதற்கு முன்



2025ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று திருப்பலியில் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் விடியற்காலையில் கரைக்கு வந்த ஏழு சீடர்களின் நிகழ்ச்சி. பழவேற்காட்டில் இந்த வாசகத்துக்கு விளக்கம் தேவையில்லை. வெறும் வலையோடு திரும்புவது எப்படி இருக்கும் என்பது மறையுரை சொல்கிறவர்களைவிடக் கேட்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அதே ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு நீட் தேர்வு. திருப்பலி முடிந்த கையோடு ஏரிக்கரைக் குப்பங்களைச் சேர்ந்த ஆறு பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு தேர்வு மையத்துக்குப் புறப்பட்டோம். 1.30 மணிக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் 11 மணிக்கே போய்ச் சேர்ந்தோம். தாய்மார்கள் வெயிலில் நின்று செபமாலை சொன்னார்கள். 5 மணிக்குத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள்.

வேன் கிளம்பியதும் ஆரம்பித்தது. "நீ என்ன போட்ட?" "நான் ரெண்டு." "ஐயோ, நான் மூணு போட்டேனே!"

இந்தத் தேர்வை எழுதாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்தம் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும். தவறானால் ஒன்று குறையும். அப்படியானால் சரியாகப் போட்டவருக்கும் தவறாகப் போட்டவருக்கும் இடையே ஒரே வினாவில் 5 மதிப்பெண் வித்தியாசம். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். விடை நிரப்பிய ஓ.எம்.ஆர். தாளை மட்டும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். ஆகவே பிள்ளையின் கையில் கேள்வி இருக்கிறது. தான் நிரப்பிய வட்டம் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஒருவருடைய வினாத்தாளில் 12ஆம் எண்ணில் இருப்பது இன்னொருவருடைய தாளில் எங்கோ இருக்கும், விடைகளின் வரிசையும் மாறியிருக்கும். "உனக்கு ரெண்டு, எனக்கு நாலு, ஆனா ரெண்டும் ஒண்ணுதான்" என்று கண்டுபிடிப்பதற்குள் பொன்னேரி வந்துவிட்டது.

இந்தப் பேச்சைத் தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள் அதை நான்கு பேரோடு பகிர்ந்துகொள்ளத் தேடுகிறார்கள். கடலுக்குப் போய் வந்த ஆண்கள் கரையில் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் அடித்தது, நீரோட்டம் எப்படி இருந்தது என்று பேசுவதில்லையா?

பொன்னேரியைத் தாண்டியபோது ஒரு பெண் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். தமிழில் தேர்வு எழுதியவள். ஓர் உயிரியல் வினாவில் பொருந்தாததைத்தான் கேட்டிருந்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவள் சொல்கிறாள். இவளோ பொருந்துவதைத் தேர்ந்தெடுத்ததாக நினைவு. வினாத்தாளைப் புரட்டிப் பார்த்தாள். குறி ஒன்றும் இல்லை. வாசிக்கும்போது சரியாகப் புரிந்துகொண்டு எழுதினாளா, அவசரத்தில் மாற்றி எழுதினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒவ்வொரு வினாவையும் அவள் சந்தேகப்பட ஆரம்பித்தாள். நன்றாக எழுதியதாக அரை மணி நேரம் முன்பு சொன்ன பிள்ளை, பழவேற்காடு வருவதற்குள் ஒன்றுமே எழுதாதவள்போல் ஆகிவிட்டாள்.

அந்நேரம் பார்த்து அவளுடைய அப்பா தொலைபேசியில் அழைத்தார். முதல் வார்த்தையே, "எத்தினி சரிம்மா?" என்பதுதான். "தெரியலப்பா." "தெரியலன்னா? மூணு மணி நேரம் எழுதியிருக்க, தெரியலன்றியே?" வீட்டுக்குப் போனால் அத்தை கேட்பார், எதிர் வீட்டுக்காரரும் கேட்பார். அப்பாவைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. வேனில் ஏறியதும் அதே கேள்வியை முதலில் கேட்டது நாம்தான்.

அந்த வினாவில் அவள் எதை நிரப்பினாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைகளையும் அவரவர் ஓ.எம்.ஆர். தாளின் படத்தையும் இணையத்தில் வெளியிடும் நாளில்தான் தெரியும். அதுவரை அவள் மனத்தில் நடப்பது ஒரு தேர்வே அல்ல, ஞாபகத்தின் விளையாட்டு.

அன்புக்குரியவர்களே, விடை வெளியான பிறகும்கூட எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. 2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே 6ஆம் தேதி நடந்த நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் சுமார் 24 ஆயிரம் பேர். அவர்களும் வெளியே வந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தங்கள் விடைகள் மட்டும் ஏன் இவ்வளவு மாறுகின்றன என்று தேடியபோது, தமிழ் வினாக்களிலேயே பிழைகள் இருந்தன. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று இருந்தது. அரிசி ரகம் 'அரிசி நகம்' ஆகியிருந்தது. 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடர்ந்தார். வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண்கள் வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10ஆம் தேதி உத்தரவிட்டது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் அந்த உத்தரவு ரத்தும் ஆனது. வினாவில் ஐயம் இருந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது தேர்வின் விதி. விதி அப்படி இருக்கலாம். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்த பிள்ளையிடம், "உனக்கு வாசிக்கவே தெரியவில்லையா?" என்று கேட்ட பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவள் சரியாகத்தான் வாசித்தாள். எழுதியிருந்ததுதான் தவறு.

2024ஆம் ஆண்டு நடந்தது இன்னும் வேதனை. அணுக்களைப் பற்றி ஓர் இயற்பியல் வினா. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்ற பொருளில் பழைய பாடநூலில் ஒரு வரி இருந்தது. திருத்திய பதிப்பில் அது பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் என்று மாறியிருந்தது. முதலில் இரண்டு விடைகளையுமே சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். முழு மதிப்பெண் பெற்ற 67 பேரில் 44 பேர் அதனால்தான் 720ஐத் தொட்டார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் மூவரிடம் கருத்துக் கேட்டது. ஒரே விடைதான் சரி என்று முடிவானது. பழைய நூலின்படி எழுதியிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 5 மதிப்பெண் போயிற்று.

பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர் யார்? அண்ணனும் அக்காவும் படித்துக் கொடுத்த புத்தகத்தில் படிக்கிற பிள்ளை. நம் குப்பங்களில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே நினைவில் வைத்து எழுதிய பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது? நமக்கும் விடை கிடைக்கவில்லை.

நற்செய்திக்குத் திரும்புவோம். கரையில் நிற்கிற ஆண்டவர் படகில் இருக்கிறவர்களிடம் மீன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். நம் வீட்டு அப்பாக்கள் கேட்கிற அதே கேள்விதான். "இல்லை" என்கிறார்கள். ஏன் இல்லை, இரவெல்லாம் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. வலையை எங்கே போடலாம் என்று மட்டும் சொல்கிறார். கரைக்கு வந்தால், கரிநெருப்பு ஏற்கெனவே மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவர்கள் பிடித்து வந்து கொடுத்த பிறகு மூட்டிய நெருப்பு அல்ல அது. வலையில் 153 மீன்கள் இருந்தன என்று எழுதியிருக்கிறது. யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள், மீனவர்கள்தானே! ஆண்டவர் எண்ணியதாக எழுதவில்லை. பேதுருவிடம் அவர் கேட்க வேண்டிய கடினமான கேள்வி ஒன்று இருந்தது. அதை மூன்று தடவை கேட்கவும் செய்கிறார். ஆனால் எப்போது? எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு.

அன்று இரவு 8 மணிக்கு மேல் அந்தப் பெண் பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டோம். அவள் அம்மா எங்களோடுதான் வேனில் இருந்தவர். வழியெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போனவர், "மடவக் கொழம்பு இருக்கு, கை கழுவிட்டு வா" என்றார். எதிர் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, "அது சாப்பிடுது, நாளைக்கி வாங்கண்ணே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஞாயிறு மறையுரையில் நாங்கள் சொன்னதைவிட அந்தத் தாய் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று வேன் ஓட்டிய தம்பி சொன்னார். மறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பிளஸ் டூ முடிவும் வந்துவிட்டது. இனி வீடுகளில் கணக்குப் பார்க்கிற காலம். நம் ஏரியில் பாடு முறை உண்டு. நல்ல பாடு ஒருவருக்கே நிலையாக இருக்காது, சீட்டுப் போட்டு முறை வைத்து மாறி மாறி வரும். இன்று மீன் குறைந்த இடத்தில் நிற்பவருக்கு நாளை நல்ல இடம் வரும் என்று பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த ஒழுங்கு அது. தேர்வில் அந்த ஒழுங்கு இல்லை. நன்றாகப் படித்தவரும் இடம் கிடைக்காமல் நிற்பது உண்டு. ஆனால் வேறு பாடுகள் இருக்கின்றன. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேரலாம், நீட் வேண்டாம். ஏரியைப் பற்றிப் பிறந்ததிலிருந்தே தெரிந்த பிள்ளைகள் அங்கே இன்னும் நிறையப் பேர் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வுக்குப் பிறகு நம் தமிழ்நாடு பிள்ளைகளை இழந்திருக்கிறது. உங்கள் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் "போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 104 என்ற எண்ணிலோ 14416 என்ற எண்ணிலோ எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பங்கு இல்லத்தின் கதவையும் எந்நேரத்திலும் தட்டலாம்.

தற்காலிக விடை தவறு என்று தோன்றினால் எதிர்த்து முறையிடப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும்; சில நாள்தான் அவகாசம் தருவார்கள். நான்கு வினா என்றால் 800 ரூபாய் என்று தயங்கிப் பேசாமல் இருந்துவிட வேண்டாம். விடை வெளியாகும் நாளன்று மாலை 6 மணிக்கு எங்கள் பங்கு மண்டபத்தில் கூடுகிறோம். இளைஞர் குழுவினர் இருப்பார்கள், உயிரியலும் இயற்பியலும் நடத்துகிற இரண்டு ஆசிரியர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வினாத்தாளையும் விண்ணப்ப எண்ணையும் கொண்டுவாருங்கள், தமிழில் எழுதியவர்கள் கட்டாயம் வாருங்கள். பணம் இல்லாதவர்களுக்குப் பங்கிலிருந்து கட்டுகிறோம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம். முதலில் சுண்டலும் தேநீரும் கொடுப்போம், அதற்குப் பிறகுதான் வினாத்தாளைத் திறப்போம்.