திறந்த கதவும் நுழைந்த கடனும்

(கருங்கல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பொருளாதாரத்தைத் திறந்துவிட்டால் நாடு செழிக்கும் என்கிறார்கள் சிலர். நாசமாகும் என்கிறார்கள் வேறு சிலர். இரு சாராரும் கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையைப் பார்க்கட்டும்.

1977-ல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. 1978-ல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் வந்தது. 1979-ல் புதிய அந்நிய வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1978-ல் வளர்ச்சி 8 சதவீதத்தைத் தொட்டது. வரிசையில் நின்று களைத்த மக்கள் கடைகளில் சரக்கைக் கண்டார்கள். இதை மறுப்பது நியாயமல்ல. வணிகம் ஹலாலான தொழில். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் வணிகம் செய்தவர்களே.

ஆனால் சரக்கு வந்த வாசல் வழியே வட்டியும் நுழைந்தது. அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் பல, 1980-களின் பிற்பகுதியில் கவிழ்ந்தன. எளியவர்களின் சேமிப்பு போயிற்று. கடுமையான சட்டம் வந்ததோ 1988-ல்தான்!

பிறகு அரசே அந்தப் பாதையில் இறங்கியது. 2007-ல் 50 கோடி டாலர் கடன் பத்திரம், வட்டி 8.25 சதவீதம். அதன்பின் கடன்மேல் கடன். டாலர் ஈட்டித் தராத திட்டங்களுக்கும் டாலரில் கடன்! 2019-ல் வரியைக் குறைத்தார்கள்; பெருந்தொற்றில் சுற்றுலா நின்றது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை நெருங்கியது.

சகோதரர்களே! இது கொழும்பின் கதை மட்டுமா? மனைவியின் நகையை அடகு வைத்துக் கடை முகப்பை அலங்கரிப்பவரும், வளைகுடாச் சம்பளத்தை நம்பி வட்டிக்கு வாங்கி மாளிகை எழுப்புபவரும் அதே தவறைத்தானே செய்கிறார்கள்? திருப்பிக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் வாங்கிய கடன், நாட்டையும் கவிழ்க்கும், வீட்டையும் கவிழ்க்கும்.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது. இலங்கையில் 2005-ல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வட்டியில்லா வங்கி முறைக்கு இடம் கிடைத்தது. 2011-ல் அமானா வங்கி தொடங்கியது. நம்மால் இயன்றது என்ன? முதலாவது, கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வையுங்கள். இது திருக்குர்ஆன் (2:282) இட்ட கட்டளை. இரண்டாவது, லாபத்திலும் நட்டத்திலும் பங்கு கொள்ளும் கூட்டு வணிகம் செய்யுங்கள். மூன்றாவது, ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் நிதி தொடங்குங்கள். அதன் வரவு செலவை மாதந்தோறும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை! 'ஹலால் லாபம்' என்ற பெயர்ப் பலகையைக் கண்டு மயங்காதீர்கள். நட்டமே இல்லாமல் மாதாமாதம் ஒரே தொகை தருகிறேன் என்பவர், ஒன்று வட்டியை வேறு பெயரில் தருகிறார்; அல்லது உங்கள் பணத்தையே உங்களுக்குத் திருப்பித் தருகிறார். தாடியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்துக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.