கணக்கில் 'மைனஸ்' விழுந்தால்...
(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், அந்திக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு, களைத்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு அக்கா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "மகன் கொழும்புல இருந்து ஐயாயிரம் போட்டேங்கிறான். இதுல மூவாயிரத்து எழுநூறுதான் காட்டுது. மிச்சம் எங்கங்க போச்சு? இவன் பொய் சொல்றானா?" என்று கேட்டார்.

மகன் பொய் சொல்லவில்லை. அக்காவின் கணக்கு ஏற்கெனவே 1,300 ரூபா மைனஸில் இருந்தது. எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அதை அவர் கவனிக்கவில்லை. மகன் போட்ட பணத்தில் முதலில் அந்தக் கடன் கழிந்தது. மிச்சம்தான் அக்காவுக்கு.

இது நமக்குப் புதிய விசயமா? குறைந்த நாள் வேலை கிடைத்த மாதத்தில், தீபாவளி முற்பணமும் மற்றக் கழிவுகளும் போய், சம்பளச் சிட்டையில் கடன் மட்டும் மிஞ்சியதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. அதில் எழுதிய கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. துண்டு ஒழிந்தாலும், கணக்கை நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஒழியவில்லை.

சரி, இல்லாத காசு எப்படிக் கழியும்? போனில் இருக்கும் 'ஆப்' பல நேரம் நமது வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும். அந்தக் கணக்கில் ஏடிஎம் அட்டைக்கு வருடக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம், மீதி குறைந்தால் அதற்கொரு கட்டணம் என்று சில வங்கிகள் அறவிடும். நாம் கணக்கை மறந்தாலும் கட்டணம் நம்மை மறக்காது. இன்னொன்று, தவறி நம் கணக்குக்கு வந்த பணத்தைச் செலவு செய்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்கும்போதும் மைனஸ் விழலாம். அவசரத்துக்கு எடுக்கும் ரீலோட் கடனும் இதே மாதிரித்தான். அடுத்த ரீலோட்டில் கட்டணத்தோடு சேர்த்துக் கழித்துக்கொள்வார்கள்.

மைனஸைக் கண்டால் பயந்து சிம்மைத் தூக்கி எறியாதீர்கள். சிம் போனாலும் கடன் போகாது. வங்கிக்குப் போய்க் கணக்குக் கூற்றைக் கேளுங்கள். எந்தத் திகதியில், எதற்காக, எவ்வளவு கழித்தார்கள் என்று அதில் இருக்கும். புரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். நியாயமில்லாத கழிவு என்றால் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையா? மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். வாடிக்கையாளரைப் பாதுகாக்க 2023இல் ஒழுங்குவிதிகளும் வந்திருக்கின்றன. ஆகவே கேட்பது பிச்சையல்ல, உரிமை.

இரண்டு விசயம் மட்டும் செய்யாதீர்கள். "உங்க மைனஸைச் சரி பண்ணித் தாறோம், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யார் பேசினாலும் சொல்லக் கூடாது. கடைக் கடனுக்கு ஈடாக ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுக்கவும் கூடாது. 2023 முதல் அஸ்வெசும பணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. அட்டை யார் கையிலோ, காசும் அவர் கையில்தான்.

அந்த அக்காவின் கூற்றை வாங்கிப் பார்த்தோம். இரண்டு வருட அட்டைக் கட்டணம் 1,000, குறுஞ்செய்திக்கு 300. அந்த அட்டையை அவர் ஒரு நாளும் பாவித்ததில்லை. கழிந்த காசு திரும்ப வரவில்லை. ஆனால் அட்டையை ரத்துச் செய்துவிட்டார். இனி அதற்குக் கட்டணமில்லை. வங்கி வாசலிலேயே மகனுக்குப் போன் எடுத்து, "ஒன்னை ஏசிப்புட்டேன்டா, மனசுல வச்சுக்காத" என்றார்.

ஒரு சின்னக் கோடு தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சந்தேகத்தைப் போட்டுவிடும். இன்று லயத்துக்குப் போனதும் உங்கள் கணக்கைத் திறந்து, அந்தக் கோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.