காலி டின் என்று எழுதிய கை

(புக்கிட் தெங்கா கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்று ஒரு டின்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. புல்லுக்கு மருந்தடித்த பிறகு ஸ்டோருக்குத் திரும்பி வருகிறதே, அந்த டின்.

கிராணிகளாகிய நாங்கள் அதை ஸ்டோர் புத்தகத்தில் "காலி" என்று எழுதினோம். வருஷக்கணக்கில் எழுதினோம். காலியானது லயத்துக்குப் போயிற்று. மழைத் தண்ணீர் பிடிக்கவும் கோழிக்குத் தீனி வைக்கவும் உதவிற்று. எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். சொன்னால், இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் தோட்டமும் அப்படித்தான் என்பீர்கள்.

சட்டம் அதைக் காலி என்று சொல்லவில்லை. 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-ல் அபாயக் கழிவுகளை 107 வகையாக அட்டவணையிட்டார்கள். எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று பார்த்துப் பிரித்த பட்டியல் அது. 2005-ல் அதை மாற்றி, கழிவு எத்தகையது என்று பார்த்து 77 வகையாக்கினார்கள். நல்ல மாற்றந்தான், பிறந்த வீட்டை வைத்து விஷத்தை அறிய முடியுமா? அந்த 77-ல் எஸ்.டபிள்யூ. 409 என்று ஓர் எண் உண்டு. ரசாயனமோ பூச்சிமருந்தோ பட்டுக் கழித்துப் போட்ட டின், பை, சாமான் எல்லாம் அதில் அடங்கும். நாங்கள் "காலி" என்று எழுதியது இதைத்தான், தோழர்களே!

அத்தகைய கழிவின் மேல் தேதியும் உடையவர் பெயரும் ஒட்ட வேண்டும். 180 நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதைத் தொட்டு வேலை செய்கிறவருக்குப் பயிற்சி தர வேண்டும். மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் நம் பெண்கள்தானே? அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைத்தது? கை தூக்குங்கள் பார்ப்போம்.

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்துப் புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். 1960-களில் பாராகுவாட் வந்தது. 2002-ல் அதைத் தடுப்போம் என்றது அரசாங்கம். 2006-ல் தடையைத் தளர்த்திற்று. 2020 ஜனவரி முதல் தேதி மறுபடி தடுத்தது. டிசம்பர் 31 இரவு வரை மருந்தாக இருந்தது, விடிந்ததும் ஆகாத பொருள். டின்னுக்குள் ஒரு சொட்டும் மாறவில்லை. மாறியது காகிதத்தில் எழுதிய பெயர். அந்தப் பெயரை எழுதும்போது, அதைத் தொட்டவளை யாராவது கேட்டார்களா?

இந்தச் சட்டத்தில் இன்னொரு பலவீனம் உண்டு. இது இன்ன வகைக் கழிவு என்று முதலில் அறிவிப்பது அதை உண்டாக்குகிறவரே. அவர் வாய் திறக்காவிட்டால்? 2019 மார்ச் 7-ல் ஜொகூர் பாசீர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஏறக்குறைய 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 111 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பழைய டயரைப் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் இயக்குநர்கள் மீது வழக்குப் போட்டார்கள். பால் வெட்டுகிற நமக்கு டயர் என்ற சொல் அந்நியமா? அதன் பிறகு 2024-ல் சட்டத்தைத் திருத்தி, சில குற்றங்களுக்கு அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். உயர்த்தட்டும். அபராதம் கொட்டிய பிறகு வருவது. நாம் கேட்பது கொட்டுவதற்கு முந்தியது.

நம்மைச் சுற்றிப் பிறையும் ஜூருவும் தொழிற்பேட்டையாக நிற்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். 1970-களில் கோலா ஜூரு மீனவர்கள், ஆலைக் கழிவால் ஆறு கெட்டு மீன் போயிற்றே என்று முறையிட்டார்கள். ஆகவே இது தோட்டத்தோடு நிற்கிற சங்கதியல்ல.

நாம் கேட்பது பெரிதல்ல. மூன்று தரம் கழுவி, கழுவிய நீரை மருந்துத் தோம்பிலேயே ஊற்றி, அடியில் ஓட்டை போடாத எந்த டின்னும் புத்தகத்தில் "காலி" என்று ஏறக் கூடாது. எச்சரிக்கைச் சீட்டு தமிழிலும் இருக்க வேண்டும். இப்போது நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்தாரின் பாஷையிலும் இருக்க வேண்டும். கழிவுக் கணக்கைச் சங்கப் பிரதிநிதி பார்க்கலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். துரைமாருக்கு இதில் என்ன நஷ்டம்? கிராணிக்கு வேலை கூடும், அவ்வளவுதான். அதற்கு நாங்கள் சம்மதம்.

சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்பும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கிராணிகள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மருந்தடிக்கும் தாய்மார்கள் இப்போது வரிசையாக வாருங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது.