கூழ் கொதித்தால் டீசல்

கடலோரச் சவுக்குத் தோப்பில் வெட்டிய மரம் பந்தல்காலாகும், சாரமாகும். காகிதக் கூழாகவும் ஆகும். கூழ் எடுத்த பிறகு மிஞ்சுவதில் லாரி ஓடுமா? பின்லாந்தில் ஓடுகிறது.

பைன் மரச் சீவல்களைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்து வேகவைத்தால், மரத்திலுள்ள பிசினும் கொழுப்பும் சோப்பாக மாறி, கருநிறச் சாற்றின்மேல் மிதக்கும். பால் காய்ச்சும்போது ஏடு எடுப்பதுபோல் அதை வழித்தெடுத்து, அமிலம் சேர்த்தால் கிடைப்பது டால் எண்ணெய். அதை ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்தால் டீசல்! என்ஜினில் எந்த மாற்றமும் வேண்டாம். யுபிஎம் நிறுவனம் லப்பேன்ராண்டா ஆலையில் 2015 ஜனவரி முதல் இதை வணிக அளவில் தயாரிக்கிறது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 1,00,000 டன்.

நம் சவுக்கிலும் தைலமரத்திலும் அந்தப் பிசின் மிகக் குறைவு. கரும்புச் சக்கையிலும் அப்படித்தான். அதனால் கரூர் பக்கம் புகளூரில் காவிரிக்கரையிலுள்ள டிஎன்பிஎல் காகித ஆலை வேறு வழியில் போகிறது. கருஞ்சாற்றை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். சக்கை கழுவிய நீரிலிருந்து மீத்தேன் பிடித்து, சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கிறார்கள். கழுவிய தண்ணீரைக்கூட விடவில்லை, பாருங்கள்!

வண்டிக்கான எரிபொருள் என்றால், நமக்குப் பொருந்துவது வைக்கோல்தான். ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் அமைத்த வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். காவிரி டெல்டாவில் வைக்கோலுக்கு மாடுகளும் போட்டியிடும் என்பது வேறு விஷயம்.